தறி எப்படித் தறி ஆயிற்று? வீட்டுப் பொருளின் பெயரைப் பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

‘கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும்’ என்று பள்ளியில் முதன்முதலாகக் கேட்டபோது, கம்பர் நெசவாளி என்று நினைத்துக்கொண்டேன். பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவே வளர்ந்த பையன் வேறென்ன நினைப்பான்? தறி என்றால் எங்களுக்கு ஒன்றுதான். விடிய விடிய அடித்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் போனால்தான் ஊரில் நாய் குரைப்பதே காதில் விழும். இத்தனை சத்தம் போடுகிற சாமான் புலவர் வீட்டில் இருந்தால் பாட்டும் பாடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அந்தத் தறி மாடு கட்டுகிற முளை என்று தெரியவந்தபோது ஒன்பதாம் வகுப்பு முடிந்திருந்தது.

அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. வீட்டுச் சாமான்களின் பெயர்கள் எங்கிருந்து எங்கே நகர்ந்தன என்று சீட்டுகளில் எழுதிப் பிஸ்கட் டப்பாக்களில் அடைத்து வைத்திருக்கிறேன். மொழியியல் பட்டம் ஏதும் கிடையாது. செய்து செய்து பிடிபட்ட முறையை, தறியையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டு உறிக்கும் முறத்துக்கும் இதே முறை செல்லும்.

படி 1: ஒரே ஒரு பொருளை எடுங்கள்

அடுக்களை முழுவதையும் ஒரேயடியாக ஆராயக் கிளம்பினால் ஒரு மாதத்தில் சலித்துப்போகும். ஒரு பொருள் போதும். அதற்கு இரண்டு தகுதிகள் வேண்டும். அதை வைத்து யாராவது தினமும் ஏதாவது வேலை செய்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் காலத்துக்குள் அதன் வடிவமோ இடமோ மாறியிருக்க வேண்டும். சும்மா அலமாரியில் இருந்த பொருளின் பெயர் பெரும்பாலும் சும்மாவே இருந்திருக்கும்.

படி 2: பொருளின் அருகில் போய் உட்காருங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். நான் தலைகீழாகச் செய்து ஒரு வருடத்தை வீணடித்தேன்.

சென்னிமலையில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் குழித்தறியின் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்தேன். தரையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறார். மிதிக்கிற மிதிக்குப் பாவு இழைகள், அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்கள், மேலும் கீழுமாகப் பிரிகின்றன. பிரிந்த வழியில் நூலைச் சுமந்து செல்லும் நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடி, ஊடை என்கிற குறுக்கு நூலை விட்டுவிட்டு வருகிறது. இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான், இவை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று கண் போயிற்று. குழியைச் சுற்றித் தரையில் ஊன்றிய மரக்கால்கள். கை பட்டுப் பட்டு வழுவழுவென்று கறுத்திருந்தன. அவற்றைப் பிடுங்கிவிட்டால் அங்கே தறி இல்லை. நூலும் ஒரு பள்ளமும்தான் மிஞ்சும்.

தறித்தல் என்றால் வெட்டுதல். தறித்து எடுத்த மரத்துண்டு தறி. அதை மண்ணில் நட்டால் மாடு கட்டும் முளை. நான்கைந்து நட்டு நூலை இழுத்துக் கட்டினால் நெசவுக் கருவி. முதலில் கம்பத்துக்கு இருந்த பெயர், கம்பங்களால் நின்ற கருவி முழுவதற்கும் பரவியது என்றே நான் கொள்கிறேன். அகராதி இதை ஒற்றை வரியில் சொல்லிவிடும். அந்தக் கறுத்த மரக்காலைத் தொட்ட பிறகு அந்த வரி வேறுமாதிரி படிக்கும்.

உறுப்புகளின் பெயர்களையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். நாடாவுக்கு ஓடம் என்றும் ஒரு பெயர் உண்டு. இரண்டு முனையும் கூர்ந்து, நடுவில் குழிந்து, இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருகிற பொருளுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

படி 3: பொருள் கேட்காதீர்கள், வாக்கியம் சேருங்கள்

“தறி என்றால் என்ன, அமுச்சி?” என்று என் தாயாரின் தாயாரிடம் கேட்டேன். “ஏன் கண்ணு, உனக்குத் தெரியாதா?” என்றார். பேட்டி முடிந்தது.

அடுத்த முறை தறிக்குடோனின் வாசலில் நின்றுகொண்டு, “இந்த இடத்தில் முன்னே என்ன இருந்தது?” என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். “இது கட்டுத்தரை, கண்ணு. அந்த மூலையில் எருமை. இந்தப் பக்கம் காளை இரண்டு. மழை இல்லாமல் போனதும் உன் அப்புச்சி மாட்டை விற்றுவிட்டுத் தறி போட்டார்.”

எங்கள் பக்கத்தில் இந்தக் கதை பல வீடுகளுக்குப் பொது. கிணறு வற்றிய குடியானவர்கள் கூலிக்கு நெய்து கொடுக்கும் விசைத்தறிக்கு மாறினார்கள். மாடு கட்டும் இடத்துக்குக் கொங்கில் கட்டுத்தரை என்று பெயர். முளையை முளைக்குச்சி என்போம். ஆக, முளைக்குச்சியைப் பிடுங்கிய அதே மண்ணில் தறியை இறக்கியிருக்கிறார்கள். பழைய தமிழில் சொல்வதானால், தறியைப் பிடுங்கிவிட்டுத் தறியைப் போட்டிருக்கிறார்கள். அமுச்சிக்கு இதில் வியக்க ஒன்றும் இல்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சீட்டு எழுதும் முறை எளிது. ஒரு சீட்டுக்கு ஒரு வாக்கியம். கேட்டபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. யார் சொன்னார், எந்த ஊர், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது சொன்னார், எந்தத் தேதி என்று கீழே குறிக்க வேண்டும். தேதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பிற்பாடு அதுதான் தேவைப்படும். முப்பது சீட்டுகள் சேரும் வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

என் சீட்டுகளில் சில: ‘அவர் தறிக்குப் போயிருக்கிறார்.’ ‘பையனுக்கு எத்தனை தறி?’ ‘இரண்டு மாதமாகத் தறி நிற்கிறது, பள்ளிக்கூடப் பணம் கட்டவில்லை.’ முதலாவதில் தறி ஒரு வேலையிடம். இரண்டாவது, பெண் கேட்டு வந்த வீட்டில் காதில் விழுந்தது. அங்கே தறி சொத்தின் அளவு, ஏக்கரைப் போல. மூன்றாவதில் அது வருமானம். எந்திரம் பழுதானதா, நூல்காரர் பாவு கொடுக்கவில்லையா, கூலி உயர்வு கேட்டு எல்லோருமே நிறுத்தியிருக்கிறார்களா என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

திருப்பூரில் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அங்கே ‘பனியனுக்குப் போகிறான்’ என்றால் கடையில் உள்ளாடை வாங்கப் போகிறான் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குஜராத்தி வணிகரைக் குறித்த வாணியோ என்ற சொல், போர்த்துகீசியர், ஆங்கிலேயர் வாயில் பனியன் ஆகி, அந்த வணிகர்கள் அணிந்த தொளதொள அங்கிக்குப் பெயராகி, அங்கிருந்து உள்ளாடைக்கு இறங்கி, கடைசியில் ஓர் ஊரின் பிழைப்புக்கே பெயராகிவிட்டது.

படி 4: பெயரை விட்டுவிட்டு வினையைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று யாராவது அடம்பிடித்தால், இதைச் செய்யச் சொல்வேன். பெயர்ச்சொல் கல் மாதிரி. காலம் மாறினாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. அதன் பின்னால் வரும் வினை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சீட்டுகளை எடுத்து வினை வாரியாகப் பிரித்து அடுக்குங்கள். தறி என் வீட்டு மேசையில் இப்படிப் பிரிந்தது. முளையாக இருந்தபோது தறியை நட்டார்கள். குழித்தறியானபோது தறி நெய்தார்கள், தறியில் உட்கார்ந்தார்கள். விசைத்தறி வந்ததும் தறி ஓட்டினார்கள். ஓட்டுதல் வண்டிக்கும் எந்திரத்துக்கும் உரிய வினை. கைத்தறி நெசவாளர் தறி ஓட்டுகிறேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. விசைத்தறிக்காரர் உட்காருவதும் இல்லை. ‘பன்னிரண்டு மணி நேரம் தறியில் நிற்கிறேன்’ என்பார். உட்கார்ந்தது நின்றதாக மாறிய இடத்தில் ஒரு தொழில் முழுவதும் மாறியிருக்கிறது. பெயர் மட்டும் அசையவில்லை.

அடுக்கும்போது எந்தக் கட்டிலும் சேராமல் ஒன்றிரண்டு சீட்டுகள் மிஞ்சும். எரிச்சலில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். என்னிடம் மிஞ்சியது ‘தறிகெட்டுத் திரிகிறான்’. சிறுவயதில் இதையும் விசைத்தறியோடுதான் சேர்த்து வைத்திருந்தேன். எங்கள் ஊரில் தறி கெட்டுப்போனால் மெக்கானிக் வருவார். இந்தப் பையனுக்கும் ஒரு மெக்கானிக் வேண்டும்போல என்று எண்ணியிருந்தேன். எந்திரம் கெட்டால் நிற்குமே, எப்படித் திரியும் என்று யோசித்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். கட்டிய முளையை இழந்த மாடுதான் திரியும். கொங்கில் முளைக்குச்சி என்ற சொல் வந்து அமர்ந்த பிறகு, முளை என்ற பொருளில் தறிக்கு வேலை இல்லை. ஆனாலும் திட்டும்போது இன்றும் நாக்கில் வருகிறது. பேச்சில் செத்த பொருளைத் தேட வேண்டுமானால் வசவிலும் பழமொழியிலும் தேடுங்கள்; அங்கே எதையும் சீக்கிரம் வெளியே எறிய மாட்டார்கள்.

படி 5: பழைய சான்றுகளைக் காலவரிசையில் வையுங்கள்

இப்போது அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924-இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939-இல் பிற்சேர்க்கை. இணையத்தில் காசில்லாமல் தேடலாம். ஓர் எச்சரிக்கை: அகராதியில் பொருள்களுக்குக் கொடுத்திருக்கும் எண்களைப் பிறந்த வரிசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொங்குச் சொல்லாக இருந்தால் பெருமாள்முருகன் தொகுத்து 2000-இல் வந்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியையும் பாருங்கள். அகராதி முகவரிதான் கொடுக்கும். வீட்டுக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

தறிக்கு நான் போன வீடுகள் இரண்டு. திருவாரூர் மாவட்டத்துக் கோயில்கண்ணாப்பூரில் சிவனுக்குப் பெயர் நடுதறியப்பர். கன்று கட்ட நட்ட முளையே இலிங்கமானது என்பது தலபுராணம். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் தம் தேவாரத்தில் அந்தப் பெயராலேயே பாடியிருக்கிறார். இங்கே தறி ஐயத்துக்கு இடமில்லாமல் கம்பம். இன்னொரு பக்கம், சோழர் காலக் கல்வெட்டுகளில் தறி இறை என்றொரு வரி வருகிறது. முளைக்குச்சிக்கு எந்த அரசனும் வரி போட மாட்டான். அது நெசவுத் தறி. ஆக, ஒரே சொல் பல நூற்றாண்டுகள் இரண்டு வேலைகளையும் சேர்த்தே பார்த்திருக்கிறது. பழையது போய்ப் புதியது வந்தது என்று நேர்கோடு போட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளுமாக நெடுநாள் குடித்தனம் செய்திருக்கும்.

படி 6: தாவலுக்குப் பெயர் வையுங்கள்

ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குச் சொல் எப்படித் தாவியது? இதற்கு நம் இலக்கணத்திலேயே கருவி இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தியாரின் ஊரான சனகை, பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரம்தான் என்பது கொங்கு நாட்டார் கொள்கை. மைசூர்ப் பக்கம் என்பவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. அவர் ஆகுபெயர்களை வகைப்படுத்திய நூற்பாவைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து தொலைத்தவர்கள், சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை திரும்பப் படியுங்கள். அது பட்டியல் இல்லை, சொல் நடமாடும் வழிகளின் வரைபடம்.

‘அவள் கைத்தறிதான் உடுத்துவாள்’ என்கிறோம். கருவியின் பெயர் அது செய்த துணிக்குப் போயிருக்கிறது: கருவியாகுபெயர். ஓடம் வடிவத்தாலும் போக்காலும் வந்தது: உவமை. பாத்திரம் அளவாவது இன்னொரு பெருவழி. வள்ளம் பழைய தமிழில் உண்ணும் கிண்ணம். கொங்கில் அது தானியம் அளக்கும் முகத்தலளவை ஆனது. நான்கு படி ஒரு வள்ளம். அங்கிருந்து நிலத்தின் அளவும் ஆனது. கேரளத்தில் வள்ளம் என்றால் தோணி. குழிந்த பொருள் ஒன்று சோறு, தானியம், மண், தண்ணீர் என்று நான்கு திசையிலும் போயிருக்கிறது. நாழிகை வட்டில் என்ற பாத்திரத்தில் நீரை வைத்து 24 நிமிடத்தை அளந்தவர்கள் காலத்தையே பாத்திரத்துக்குள் அடைத்திருக்கிறார்கள்.

‘தறிக்குப் போயிருக்கிறார்’ என்பதை எந்த வகையில் சேர்ப்பது? எந்தப் பெட்டியிலும் ஒழுங்காக உட்காரவில்லை. அதனால் என்ன? பட்டியலின் முடிவில் ‘ஆதியுள்’ என்று ஒரு சொல்லைப் போட்டு, ‘இவை போன்றவையும்’ என்று வாசலைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் பவணந்தியார்.

எந்தத் தாவலுக்கும் நடுவில் இரண்டு பொருளும் செல்லக்கூடிய ஒரு வாக்கியம் இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் வேலை முக்கால் முடிந்தது. ‘தறியில் இருக்கிறார்’ என்று சொன்னால், கருவியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்றும் கொள்ளலாம். அந்தக் கொட்டகையில் இருக்கிறார் என்றும் கொள்ளலாம். சொன்னவர் ஒன்றை நினைத்துச் சொல்ல, கேட்ட பிள்ளை மற்றதை நினைத்து வளர்ந்திருக்கும். அடுத்த தலைமுறையில் புதுப்பொருள் வீட்டுக்காரனாகிவிடும்.

படி 7: பழைய பொருளுக்குக் கிடைத்த அடைமொழியைத் தேடுங்கள்

ஆங்கிலேயரான எட்மண்ட் கார்ட்ரைட் 1785-இல் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் குடும்பத்து எந்திரம் இங்கே வரும் வரை நம் தறிக்கு அடைமொழி தேவைப்படவில்லை. வந்த பிறகுதான் பழைய தறி கைத்தறி ஆயிற்று. கையால்தான் நெய்யும் என்பது அதுவரை சொல்லாமலே தெரிந்த செய்தி. நாட்டுச் சர்க்கரை, நாட்டுக் கோழி எல்லாம் இதே சாதி: புதியவன் வந்து பெயரைப் பிடித்துக்கொள்ள, இருந்தவன் முன்னொட்டோடு நிற்கிறான்.

அரசின் மொழியில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். சில துணி ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்க 1985-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதில் கைத்தறிக்குக் கொடுத்த இலக்கணம் என்ன தெரியுமா? விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி. மூத்தவனை இளையவனை வைத்து அடையாளம் சொல்கிறார்கள். பிறகு அந்தச் சொல்லுக்கு மதிப்பும் ஏறியது. 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள்; இன்று கடையில் கைத்தறி என்ற சீட்டு விலையை உயர்த்துகிறது. எங்கள் பக்கத்துப் பேச்சில் வெறும் தறி என்றால் விசைத்தறி. நாடா இல்லாத் தறி வந்த பிறகு அதை எங்கள் ஊரில் பலர் தறி என்றே சொல்வதில்லை, சுல்சர் என்கிறார்கள். தயாரிப்பாளரின் பெயர் பொருளின் பெயராகிவிட்டது. விசைத்தறிக்கு ஓர் அடைமொழி வரும் நாளும் தொலைவில் இல்லை.

படி 8: ஒரே ஒலியைக் கண்டு ஏமாறாதீர்கள்

தறிக்காரர் வீட்டில் ஊடை நூல் சுற்றியது தார். தோட்டத்தில் வாழைத்தார். வெளியே தார்ச்சாலை. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்ட மனம் துடிக்கும். சாலைத் தார் ஆங்கிலத்திலிருந்து வந்த வேற்றாள். ஒலி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. நடுவில் அந்த இரு பொருள் வாக்கியம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் சீட்டைத் தனி டப்பாவில் போடுங்கள்.

மாறாக, முகமே மாறி வரும் உறவினர்களும் உண்டு. குடோன் ஆங்கிலச் சொல் என்று நினைத்திருந்தேன். ஆங்கிலத்துக்கு அது மலாய் மொழியின் குடங் வழியாக வந்தது; மலாய்க்குப் போனது நம் கிடங்கு, அல்லது அதன் தெலுங்கு உடன்பிறப்பு என்பது சொல்லாய்வாளர் பெரும்பாலோர் ஒப்புவது. கிடங்குக்குப் பழம்பொருள் பள்ளம், அகழி. குழியில் இருந்த தறியைக் குடோனுக்கு மாற்றினோம் என்று பெருமைப்பட்டால், சொல்லின்படி பார்த்தால் மறுபடி குழிக்குள்ளேயே இறக்கியிருக்கிறோம்.

படி 9: கடைசிச் சீட்டை மூடி வைக்காதீர்கள்

எழுதும்போது வினைகளின் வரிசையிலேயே எழுதுங்கள்: நட்டது, நெய்தது, ஓட்டியது, நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், சொன்னவரின் ஊர், தேதி. இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் நீங்கள் கதை விடுகிறீர்கள் என்று பொருள். டப்பாவை மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

எங்கள் வீட்டுத் தறிகளை மாமா விற்றுவிட்டார். கூலி கட்டுபடியாகவில்லை, வாங்க ஆள் வராமல் கடைசியில் இரும்பு எடைக்குத்தான் போயின. குடோனில் இப்போது உரமூட்டையும் ஏணியும் கிடக்கின்றன. தரையில் தறியை இறுக்கியிருந்த போல்ட்டுகளின் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது, மோட்டார் சைக்கிளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். தூறல் போட்டது. மாமா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்:

“மாப்பிள்ளை, வண்டி நனைகிறது பார். கொண்டுபோய்த் தறியில் கட்டு.”

சீட்டில் எழுதிக்கொண்டேன். ‘கட்டு’ என்ற வினைக்கு என்னிடம் அதுவரை கட்டே இல்லை.